ஜோடிப் பானை

டிசம்பர் 22, 2025, திங்கள்

பரிசாகக் கொடுத்த பொருளைப் பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள் என்ன சொல்ல வருகிறார்கள்? காலையிலிருந்து யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். ஆம்பூரில் இந்த ஷூ கம்பெனிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் தரப் பரிசோதனை, இப்போது தொழிலாளர் நலப்பிரிவு. இருந்தும் தெரியவில்லை.

விஷயம் போன பொங்கலில் நடந்தது. தையல் பிரிவுப் பெண்கள் எல்லோருக்கும் கம்பெனி சார்பில் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்தோம். சென்னைக் கான்ட்ராக்டர் அனுப்பியது. மறுநாள் காலை கம்பெனி பஸ் டிரைவர் அஹமது பாஷா ஒரு கோணிப்பையோடு என் அறைக்கு வந்தார். உள்ளே அத்தனையும் ஹாட்பாக்ஸ்.

"சீட்டு மேலயே விட்டுட்டுப் போய்ட்டாங்க மேடம். ஒண்ணு ரெண்டுன்னா மறதின்னு சொல்லலாம். கோணி நெறைய மறதியா?"

இன்றைய கூட்டத்தில் முதலாளி சமீருல்லா சார் அதை எடுத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எதையும் போனிலேயே முடித்துவிடப் பிரியப்படுகிறவர். "இந்த வருஷம் கூப்பன் குடுத்துடலாம் மேடம். சூப்பர் மார்க்கெட்ல போய் வேணுங்கறத வாங்கிக்கட்டும். நமக்கும் பேஜார் இல்ல."

தையல் பிரிவு சார்பாக லைன் சூப்பர்வைசர் ஹலீமா பீ உட்கார்ந்திருந்தார். "கூப்பன் எடுத்துக்கினு போனா எண்ணெயும் சோப்பும்தான் சார் வாங்கியாருவோம். பண்டிகைக்கு சோப்பா? நாங்க இன்னா அவ்ளோ அழுக்காவா கீறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டங்களில் சிரிப்பதில்லை. பேசுவதும் குறைவு. ஆனால் பேசிவிட்டேன். "கூப்பன் வேணாம் சார். நம்ம பக்கத்து விவசாயிங்க, கைவேலைக்காரங்ககிட்டயே வாங்கலாம். பச்சரிசி, வெல்லம், பானை, காய். நானே பார்த்துக்கறேன்."

பேசியது நான்தானா? கூட்டமே திரும்பிப் பார்த்தது. எனக்கும் திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

"சரி மேடம், ஒரு சான்ஸ்" என்றார் சார். "ஆனா பஸ்ல ஒரே ஒரு சாமான் மிச்சம் இருந்தாக்கூட அடுத்த வருஷத்துலேர்ந்து கூப்பன்தான். எல்லாருக்கும் ஓகேவா?"

ஹலீமா பீ என்னை ஒருமுறை பார்த்தார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற குழந்தையைப் பார்ப்பது போல.

டிசம்பர் 23

செல்வகுமாரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். எல்லாவற்றுக்கும் ஒரு முன்னுதாரணம் வைத்திருப்பார். "நாலு கத்திரிக்காய் வாங்கவே திருப்பித் திருப்பிப் பாக்கறவ நீ. ஊருக்கே வாங்கறதுக்குள்ள பொங்கல் போய் ஆடி வந்துடும்."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே.

டிசம்பர் 24

கேன்டீனில் ஒரு கூத்து. எங்கள் ஸ்டோர்க்காரர் புதிதாக வந்திருக்கும் டீ மாஸ்டரிடம் "நாலு ஜோடி டீ" என்று சொல்லிவிட்டார். எட்டு டீ வந்தது. ஷூ கம்பெனியில் எதை எண்ணினாலும் ஜோடிதான். சோல் ஜோடி, இன்சோல் ஜோடி, அட்டைப்பெட்டி ஜோடி. நாற்காலியைக்கூட இவர் "பத்து ஜோடி" என்பார். பத்து நாற்காலி என்று நாங்கள் புரிந்துகொள்வோம். வெளியிலிருந்து வந்த டீ மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? மிச்ச டீயில் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். படித்தவர்கள் இப்படிப் பேசலாமா என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ் விடுமுறை. திமிரிக்குப் போனோம். ஸ்கூட்டரை நான் ஓட்டினேன், செல்வகுமார் பின்னால். அவருக்குக் கண்ணாடி மாற்றவேண்டும், மாற்றமாட்டார்.

திமிரி தாண்டி ஒரு வெல்லக் கொட்டகை. தூரத்திலேயே பாகு வாசனை. வாசலில் பெரிய போர்டு: நூறு சதவீதம் ஆர்கானிக். எனக்கு இந்த மாதிரிப் போர்டைப் பார்த்தாலே கால் பின்னுக்குப் போகும். கொட்டகைக்காரர் சூரியபிரகாஷ், முப்பது வயதிருக்கலாம், பி.இ. முடித்துவிட்டு இதில் இறங்கியவராம்.

"நூறு சதவீதம்னு எப்படி அளந்தீங்க?" என்று கேட்டேன்.

செல்வகுமார் வானத்தைப் பார்த்தார்.

சூரியபிரகாஷ் சிரித்தார். "போர்டு எழுதறவர் எழுதனது மேடம். தொண்ணூறுன்னு எழுதுங்கன்னேன். அப்டி எழுதனா வண்டி நிக்காதுங்கன்னார்." பிறகு அவரே, "கரும்புக்கு உரம் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். வெல்லத்துல ஒண்ணும் போடல. பாருங்க, கருப்பா கீது. மஞ்சளா வேணும்னா ரோட்டுக்கு அந்தாண்ட கெடைக்கும்."

ஒருவர் தன் சரக்கில் ஒரு குறையையாவது ஒப்புக்கொண்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும். வெல்லத்துக்கு அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டேன். அவருடைய சித்தப்பா நிலத்துப் பச்சரிசியும் அவரே அனுப்புவார். மாதிரிக்கு ஒரு மண்டை வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தோம். ஆற்காடு தாண்டுவதற்குள் அதில் பாதி இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டேன். "பரிசோதனை பண்ணேன்" என்றார்.

டிசம்பர் 27

இன்று ஒரு தவறு செய்தேன் என்று நினைக்கிறேன். அல்லது செய்யவிருந்து தப்பினேன்.

தையல் பிரிவில் மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம் பெண்கள். பொங்கல் பானையை அவர்களுக்குக் கொடுப்பது சரியா? அவர்களுக்கு மட்டும் பானைக்குப் பதிலாக ஆற்காடு மக்கன் பேடா வைத்துத் தனிப் பொட்டலம் போடலாம் என்று யோசித்திருந்தேன். ஹலீமா பீயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தனியாவா? எதுக்கு மேடம்?"

"பொங்கல் பானை... உங்க வீட்டுல..."

"அரே, இதுல பொங்கல் மட்டும்தான் ஆக்கணும்னு பானை மேல எழுதிக் கீதா?" கையிலிருந்த ஷூ மேல்தோலைக் கீழே வைத்துவிட்டார். "எங்க பக்கத்து வூட்டம்மா பொங்கலன்னிக்கி முதல்ல எங்களுக்குக் குடுத்துட்டுதான் அவங்க வூட்டு ஆம்பளைக்கே போடும். ரம்ஜானுக்கு நான் குடுக்கறேன். பேடாவும் குடுங்க, வேணாங்கல. ஆனா பானைய எடுத்துட்டுக் குடுக்காதீங்க. நீங்க எங்க மேடம் குடியிருக்கீங்க?"

"காட்பாடியில. ஃபிளாட்."

"அதான்" என்றார்.

அதான் என்றால்? ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்து வீடு கிடையாது என்கிறாரா? எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் பெயர்... யோசித்துப் பார்த்தேன். வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பேடாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே பொட்டலம்.

டிசம்பர் 28, ஞாயிறு

பானைக்காகக் கரிகிரி. வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம், நாம் போய் அவருக்கு ஏதோ உபகாரம் செய்யப் போகிறோம் என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. குயவர் கோதண்டபாணி எங்களை முக்கால் மணி நேரம் காக்க வைத்தார். அவரிடம் மொத்தமாக வாங்குவது பானை பிரியாணிக் கடைகளாம். பெங்களூர் ரோட்டில் புதிது புதிதாகத் திறக்கிறார்களாம். மோட்டார் சக்கரம் சுழல்கிறது, காதில் புளூடூத், கை மண்ணில்.

"மூடி இல்லாமத்தான் அந்த ரேட்டு" என்றார்.

"எங்களுக்கு மூடி வேண்டாம்" என்றேன்.

"மூடிக்குத் தனி."

"வேண்டாம் என்றுதானே சொல்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்து, காதைத் தொட்டுக் காட்டினார். போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். செல்வகுமார் மண்குவியலுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

கடைசியில் போனை அணைத்துவிட்டு எங்களிடம் வந்தார். எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று சொன்னேன். "ஜோடியாவா?" என்று ஒருமுறை கேட்டார். "ஆமாம்" என்றேன். "பொங்கல் நேரம், கஷ்டம்தான். ஷூ கம்பெனின்றதால ஒத்துக்கறேன். என் மச்சினிச்சி அங்கதான் வேலை செய்யுது" என்றார். சரக்கு பத்தாம் தேதி வந்துவிடும்.

திரும்பும் வழியில் செல்வகுமார், "உன்கிட்ட ஒருத்தர் பேரம் பேசாம ஜெயிச்சு இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார்.

ஜனவரி 1, 2026

எல்லோரும் கோயிலுக்கும் கேக்குக் கடைக்கும் போகிற நாளில் நான் இலவம்பாடியில் கத்திரித் தோட்டத்தில் நின்றேன்.

முள் கத்திரிக்காய். காம்பிலும் முள், காயின் தலையில் உட்கார்ந்திருக்கும் பச்சைத் தொப்பியிலும் முள். பேரைக் கேட்டாலே வேலூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மூடுவதில்லை. நாக்கு, பேரைத்தான் ருசிக்கிறதா, காயைத்தானா என்று எனக்குச் சந்தேகம். தோட்டக்காரி பூங்குழலியிடம் கேட்டும்விட்டேன்.

"முள்ளு இருந்தாதான் மேடம் ஒரிஜினல்."

"டூப்ளிகேட்டில் முள் இருக்காதா?"

"அதுக்கு எதுக்கு முள்ளு? அத்த யாரு திருடப் போறாங்க?"

ஒன்றைப் பறிக்கப் போய் விரலில் முள் ஏறியது. பூங்குழலி ஊக்கால் எடுத்துவிட்டு, "உங்களுக்கு ஹேப்பி நியூ இயர் சொல்லிடுச்சி" என்றாள். பன்னிரண்டாம் தேதி விடியற்காலையில் பறித்து, வாடாமல் ஏற்றி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் புளி விட்டு எண்ணெயில் வதக்கினேன். செல்வகுமார் தட்டைவிட்டு நிமிரவே இல்லை. மூன்றாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். எனக்கும் — சரி, நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 3

பொட்டலத்தில் கத்திரிக்காய் இருக்கும் என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. லைன் வழியாக நடந்தபோது ஜாஸ்மின் என்ற பெண் தையல் மெஷினை நிறுத்தினாள். போன வருடம் கல்யாணமானவள்.

"மேடம், ஷூ கம்பெனில கத்திரிக்கா குடுத்தாங்கன்னா எங்க மாமியா சிரிப்பாங்க."

ஹலீமா பீ தலையைத் தூக்காமலேயே, "சிரிக்கட்டுமே. கல்யாணத்து ஃபோட்டோலயே அந்தம்மா சிரிக்கல. பண்டிகைக்கு சிரிச்சா அதுவே பெரிய கிஃப்ட்டுதான்" என்றார்.

லைன் முழுக்கச் சிரிப்பு. நான் நகர்ந்துவிட்டேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

சமீருல்லா சார் விருப்பப்படி துணிப்பை ஒன்று மாதிரிக்கு வந்தது. எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்க. பையின் இரண்டு பக்கமும் கம்பெனியின் பெயர், உள்ளங்கை அகல எழுத்தில். ஹலீமா பீ அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"போன வருஷத்து டப்பா மேலயும் இப்டித்தான் மேடம் போட்டிருந்தாங்க. மூடினா கம்பெனி பேரு, தொறந்தா கம்பெனி பேரு. வூட்ல புள்ளைங்களுக்கு சோறு போட்டா கேன்டீன்ல போட்ற மாதிரி கீது. காலைலேர்ந்து இங்கதான கீறோம். வூட்டுக்குப் போனா அங்கயும் கம்பெனியா?"

"அதனாலதான் பஸ்ல விட்டுட்டுப் போனாங்களா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் என்னுதச் சொல்றேன்."

அப்படியானால் அன்றைய கோணியில் ஒன்று ஹலீமா பீயுடையது. இதுதான் பதிலோ? ஒருவர் சொன்னதை வைத்து எல்லோருக்கும் முடிவு கட்டக்கூடாது என்பது நான் படித்த படிப்பு. ஆனாலும் மாதிரிப் பையை மேஜை மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தேன். சாருக்குப் பிடித்த டிசைன். அச்சுக்குப் போகச் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 10, சனி

ஐயோ.

ஐயோ, நான் எப்படி இப்படிச் சொன்னேன்?

மத்தியானம் கரிகிரி வண்டி வந்தது. பானைகளை இறக்கினார்கள். இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டோர் நிரம்பி, வராந்தா நிரம்பி, சைக்கிள் ஸ்டாண்டில் வைக்கோல் போட்டு அடுக்கினார்கள். நான் கேட்டது போல இரண்டு மடங்கு. கோதண்டபாணிக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, நூத்தி இருபதுதானே சொன்னேன்?"

"நூத்தி இருபது ஜோடின்னீங்கம்மா."

சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கூட இருக்கிறார், "ஜோடியாவா?" என்று. ஆமாம் என்று தலையை வேறு ஆட்டியிருக்கிறேன்.

"ஜோடின்னா பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு" என்று அவரே விளக்கினார். "பெருசு பொங்கலுக்கு, சின்னது கொழம்புக்கு. இங்க எல்லாரும் அப்டித்தான் வாங்குவாங்க. உங்க ஊர்ல ஜோடின்னா இன்னா?"

எங்கள் ஊரில் ஜோடி என்றால் ஒன்று. இதை எந்த முகத்தோடு சொல்வது?

"சின்னதையெல்லாம் திருப்பி எடுத்துக்க முடியுமா?"

"பானை ரிட்டர்ன் வந்தா பானையா வராதும்மா, ஓடாத்தான் வரும்" என்றார். உடனே, "ஹலோ, ரெண்டு நிமிசம் லைன்ல இரு" என்றார். அது எனக்கா வேறு யாருக்கோவா தெரியவில்லை.

வராந்தாப் படியில் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். எல்லார் முன்னாடியும் நானே பாத்துக்கறேன்னு சொன்னேனே. பார்த்துக்கிட்ட லட்சணம் இதுதானா? கூப்பனே குடுத்திருக்கலாம். பேசாம இருந்திருக்கலாம், எப்பவும் போல.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. ஹலீமா பீயும் இன்னும் சிலரும் வெளியே வந்தார்கள்.

"இன்னா மேடம், கடை போட்டுட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். வேறு வழி? ஹலீமா பீ சிரிக்க ஆரம்பித்தவர் தூணைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜாஸ்மின் ஓடிப்போய் ஸ்டோர்க்காரரையே கூட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, மேடமும் ஜோடின்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"இத்தினி வருஷம் கழிச்சி நீங்களும் எங்க ஆளாய்ட்டீங்க மேடம்" என்றார் ஹலீமா பீ. கீழே உட்கார்ந்து ஒரு சின்னப் பானையை எடுத்தார், விரலால் தட்டினார், காதருகே வைத்துக் கேட்டார். "இத்த ஏன் திருப்பறீங்க? கத்திரிக்கா குடுக்கறீங்கல்ல? புளி ஊத்தி இதுல ஆக்குனா அப்டி வரும். பெருசு அவங்களுக்குப் பொங்கலுக்கு ஆச்சி, எங்களுக்கு எதுக்கோ ஆச்சி. சின்னது எல்லாருக்கும் கத்திரிக்காய்க்கு."

"துணிப்பையில் இரண்டு பானை நுழையாதே."

"அப்போ பை எதுக்கு?"

நானும் அதையே கேட்டுக்கொண்டேன். பைக்காரர் இன்னும் அச்சடிக்கவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். பையை நிறுத்தினால் சின்னப் பானைக்கு ஈடாகிவிடும். ஆனால் பை இல்லாமல் இரண்டு பானையை எப்படித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது?

ஸ்டோர்க்காரர்தான் சொன்னார். "லேஸ் கீது மேடம். அந்த ஆரஞ்சு."

ஒரு வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகி, வருடக்கணக்காக மூலையில் கிடக்கும் ஷூ லேஸ். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. பானைக் கழுத்தில் ஒரு சுற்று, மேலே ஒரு கைப்பிடி முடிச்சு. ஹலீமா பீ அங்கேயே கட்டிக் காட்டினார். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்தும் காட்டினார். "ஒரு ஜோடிப் பானைக்கு ஒரு ஜோடி லேஸ். கணக்கு சரியாப் போச்சு."

சாரிடம் போய்ச் சொல்ல நானே போனேன். வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

"கம்பெனி பேரே இல்லாமயா மேடம்?"

"லேஸ் நம்முடையதுதான் சார்."

"எந்த லேஸ்?"

"ஆரஞ்சு."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "அந்தக் கலர செலக்ட் பண்ணது நான்தான். எடுத்துக்கங்க, மொத்தமா எடுத்துக்கங்க. அது இங்கேர்ந்து போனாப் போதும்." கதவருகே நான் வந்ததும், "ஆனா அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். ஒண்ணு மிச்சமிருந்தாலும் கூப்பன்" என்றார்.

ஜனவரி 11

வீட்டில் இரண்டு சொம்புகளை வைத்து லேஸ் கட்டிப் பழகினோம். செல்வகுமாரின் முடிச்சு நின்றது. என்னுடையது நழுவிச் சொம்பு உருண்டது. ஹலீமா பீக்குப் போன் செய்தேன். "சண்டேல கூடவா மேடம்? நீங்க கட்டாதீங்க, நாங்க கட்டிக்கறோம்" என்றார். பின்னால் யாரோ கேட்க, "நம்ம மேடம்தான்" என்று பதில் சொல்வது கேட்டது.

நம்ம மேடம்.

ஜனவரி 12, திங்கள்

காலையில் நான் போவதற்கு முன்பே பூங்குழலியின் வண்டி நின்றிருந்தது. கத்திரிக்காயில் ஈரம் காயவில்லை. வெல்லமும் அரிசியும் வந்தன. சூரியபிரகாஷ் பெட்டியின் மேல் 'தொண்ணூறு சதவீதம்' என்று பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்காகத்தான். பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல் மேல்மூடியைக் கிழித்து வைத்துக்கொண்டேன்.

வேலை முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு லைனை நிறுத்தினோம். பெரிய பானைக்குள் அரிசியும் வெல்லமும், சின்னதில் கத்திரிக்காய். சங்கிலி போல நின்று கை மாற்றினார்கள். முடிச்சு போடுகிறவர்கள் ஒரு பக்கம், சரிபார்க்கிறவர்கள் ஒரு பக்கம். ஷூவைச் சரிபார்ப்பது போலவே சரிபார்த்தார்கள், முடிச்சு கோணலாக இருந்தால் "ரிஜெக்ட்!" என்று கத்தினார்கள். சார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கீழே இறங்கி வந்து ஒரு முடிச்சு போட்டார். அதுவும் ரிஜெக்ட்.

யாருக்காவது முள் குத்தும்போதெல்லாம் ஒரு கூச்சல். ஜாஸ்மின் தன் கத்திரிக்காய்களில் மிகவும் முள்ளானதைத் தேடி எடுத்து மேலே வைத்துக்கொண்டாள். "இது மாமியாருக்கு" என்றாள்.

பஸ் கிளம்பியபோது ஜன்னல்களில் எல்லாம் ஆரஞ்சு. மடியில் ஒன்று, காலிடுக்கில் ஒன்று. அஹமது பாஷா ஸ்டியரிங்கில் ஏறியதும் தலையை வெளியே நீட்டினார். "மேடம், இன்னிக்கி நான் ஓட்டறது பஸ் இல்ல, ஆம்புலன்ஸ். பள்ளத்துல எறக்குனா அத்தினி பேரும் என்னய அடிப்பாங்க."

எனக்குப் பொட்டலம் கிடையாது. ஆபீஸ் ஆட்களுக்கு என்றும் கிடையாது. கேட்டில் நின்று பஸ் திரும்பும்வரை பார்த்தேன். ரயிலில் ஒரே யோசனை. கையில் வாங்கும்போது எல்லோரும்தான் சிரிப்பார்கள். போன வருடமும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். நாளைக் காலை அஹமது பாஷா என்ன கொண்டு வருவார் என்பதில் இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் போனபோது சமீருல்லா சார் என் அறையில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்க வந்தாராம். இதுவரை என் அறையில் அவர் டீ குடித்ததில்லை. இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு பண்டிகை பற்றிப் பேசினோம்.

அஹமது பாஷா வந்தார். கோணி இல்லை. மூச்சு விட்டேன். பிறகுதான் மறு கையைப் பார்த்தேன். ஒரு சின்னப் பானை. ஆரஞ்சு லேஸ்.

"கடைசி சீட்டுல இருந்துச்சு மேடம்."

சார் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான்... ஆனா மேடம், சொன்ன சொல்லுன்னு ஒண்ணு..."

"தெரியும் சார்" என்றேன்.

பாஷா பானையை மேஜையில் வைத்தார். கனமாக உட்கார்ந்தது. வாயில் வாழையிலைத் துண்டு, அதன் மேல் லேஸ் குறுக்கும் நெடுக்குமாக, ரிஜெக்ட் ஆகாத முடிச்சு. அறை முழுக்கப் புளியும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை.

வாசலில் ஹலீமா பீ. அவருக்குப் பின்னால் ஜாஸ்மினும் இன்னும் ஏழெட்டுத் தலைகளும்.

"பயந்துட்டீங்களா மேடம்?"

"இதை ஏன் சீட்டில் வைத்தீர்கள்?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கைல குடுத்தா வாங்குவீங்களா? ரூல்ஸ் பேசுவீங்க. சீட்டுல வச்சா பாஷா பாய் கண்டிப்பா உங்க மேஜைக்குக் கொண்டாந்துடுவாரு." முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். "சார், இது விட்டுட்டுப் போனது இல்ல. குடுத்தனுப்பனது. கணக்குல சேராது."

இலையைப் பிரித்தேன். முள் கத்திரிக்காய், முழுசாக, காம்போடு. சார் பேனா மூடியால் ஒரு துண்டைக் கிள்ளிச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். "அடுத்த வருஷம் ஆர்டர கொஞ்சம் முன்னாடியே குடுத்துடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, டீயை மறந்துவிட்டுப் போனார்.

ஜாஸ்மினைக் கேட்டேன், மாமியார் சிரித்தாரா என்று. "கத்திரிக்காயப் பாத்து சிரிக்கல மேடம். முள்ளு எனக்கே குத்துச்சு, அதுக்கு சிரிச்சாங்க."

எல்லோரும் போன பிறகு ஹலீமா பீயிடம், "இதை வைத்துக்கொண்டால் உங்கள் ஜோடி உடைந்துவிடுமே" என்றேன். எங்கள் கம்பெனியில் ஒற்றையாகிவிட்ட ஷூவை யாரும் தொடமாட்டார்கள்.

"பெருசு எங்க வூட்ல கீது, சின்னது உங்க வூட்ல. எங்க மேடம் உடைஞ்சுது?" என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அதைத்தான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சொல்லவில்லை. பாதியை எடுத்துவைத்தேன், எதிர் ஃபிளாட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று. பெயரை அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலம் ரயிலில் பக்கத்து சீட் காலிதான். பானையைக் காட்பாடிவரை மடியிலேயே வைத்திருந்தேன்.